எடைக்குப் போகாத அட்டைகள்

(மாவட்ட மைய நூலகத்தில் நடந்த நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத்தின் செயலாளர், பொருளாளர் பெருமக்களே, எனக்கு யாப்பு சொல்லிக்கொடுத்து, நான் அதை மறந்துவிட்ட பிறகும் என்னை மன்னித்து வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, வாசகத் தோழர்களே, மைக் செட் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நகர்மன்றத் தலைவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க முடியாது. நூலக வாசலில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று போன விழாவில் ஒரு வரிதான் சொன்னோம். இன்று வாசலில் சிமெண்ட் தளம் இருக்கிறது. சொன்னால் செய்கிறவர் என்று தெரிந்துகொண்டுதான் இன்றைக்கும் ஒன்று சொல்லப் போகிறேன். அம்மா கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும், அது கடைசியில் வருகிறது. நூலக அலுவலர் அவர்களையும் வாழ்த்துகிறேன். புத்தகம் எடுக்க வருகிறவனைத் திருடனைப் போல் பார்க்காத நூலகர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களில் இவர் ஒருவர்.

செயலாளர் எனக்குப் போட்ட நிபந்தனை இது: "ஐயா, போன வருடம் தீப்பெட்டி லேபிளைப் பற்றிப் பேசினீர்கள், அதற்கு முந்தின வருடமும் அதுதான். இந்தத் தடவை வேறு ஏதாவது பேசுங்கள்." சரி என்று அமெரிக்காவுக்கே போய்விட்டேன். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகள்தான் இன்றைய பேச்சு. மூன்று விஷயம் சொல்வேன். எது அரிய அட்டை, எது சுத்தமான அட்டை, எது பொய் அட்டை. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு அமெரிக்காவிலிருந்து சாட்சி கொண்டுவந்திருக்கிறேன்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். அங்கே 1880களிலேயே சிகரெட் பெட்டிக்குள் ஒரு கெட்டி அட்டையைச் செருகிவந்தார்கள். பெட்டி நசுங்கினாலும் சிகரெட் ஒடியக் கூடாது என்பதற்காக. வெறும் அட்டையை ஏன் வைக்க வேண்டும், படம் போட்டால் வியாபாரம் நடக்குமே என்று யாருக்கோ தோன்றியது. நடிகைகள், கொடிகள், பறவைகள், ஆட்டக்காரர்கள் எல்லாரும் அட்டைக்கு வந்தார்கள். அப்பா சிகரெட்டை எடுத்துக்கொள்வார், பையன் அட்டையை எடுத்துக்கொள்வான். பிற்பாடு சிகரெட் போய் மிட்டாய் வந்தது, சூயிங் கம் வந்தது. அட்டை மட்டும் நின்றது.

இந்த அட்டைகளின் ராஜா ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட வரிசையில் வந்தது. அட்டையின் அளவு நம் பழைய கெட்டி ரயில் டிக்கெட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆரஞ்சு நிறப் பின்னணி, நடுவகிடு எடுத்த தலை, சாம்பல் நிறச் சட்டை, சிரிக்காத முகம். அவ்வளவுதான் படம். வாக்னர் பிட்ஸ்பர்க் அணிக்காரர். எட்டு முறை தன் லீகின் பேட்டிங் பட்டம் வாங்கியவர். 1936-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதல் தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் ஒருவர்.

அந்த வரிசையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட அட்டைகள் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருடையது ஏராளமாகக் கிடைக்கின்றன. வாக்னருடையது மட்டும் சுமார் 60தான் இன்றைக்குக் கணக்கில் இருக்கிறது. காரணம், அவரே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அவரிடம் அனுமதி வாங்கித் தந்தால் 10 டாலர் தருவதாக ஜான் க்ரூபர் என்ற பிட்ஸ்பர்க் பத்திரிகையாளரிடம் கம்பெனி பேசி வைத்திருந்தது. வாக்னர் மறுத்தார். மறுத்ததோடு விடவில்லை. "என்னால் உங்களுக்கு நஷ்டம் வேண்டாம்" என்று 10 டாலருக்குத் தன் காசோலையையே க்ரூபருக்கு அனுப்பிவைத்தார். இப்படி ஒரு மனிதரைக் கும்பிடத் தோன்றுகிறதா இல்லையா? (கைதட்டல்.) சிகரெட் மூலம் குழந்தைகளைக் கவர்வது அவருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். இல்லை, கம்பெனி சரியாகக் காசு கொடுக்கவில்லை என்பவர்களும் உண்டு. அவர் சுருட்டுப் பிடித்தவர், புகையிலை மென்றவர் என்பதை வைத்து இரண்டாவது கட்சி வாதாடுகிறது. நான் முதல் கட்சி. தான் புகைத்தாலும் பிள்ளைகளிடம் அது போகக் கூடாது என்று நினைக்கிற அப்பாக்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள்.

2022-இல் இந்த அட்டை ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. மூலைகள் தேய்ந்த அட்டை அது, அட்டையின் நிலையைப் பார்த்து நிபுணர்கள் போடும் மதிப்பெண் பத்துக்கு இரண்டுதான். வேண்டாம் என்று அவர் நிறுத்தியதால் வந்த விலை.

அதே ஆண்டில் அதையும் தாண்டியது மிக்கி மாண்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை. டாப்ஸ் என்ற சூயிங் கம் கம்பெனி 1952-இல் போட்டது. 1 கோடியே 26 லட்சம் டாலர்! அதை விற்றவர் 1991-இல் 50,000 டாலர் கொடுத்து வாங்கியவர். அது மாண்டிலின் முதல் அட்டைகூட இல்லை. முந்தின வருடமே பௌமன் கம்பெனி ஒன்று போட்டிருந்தது. அப்படியிருக்க இதற்கு ஏன் இந்த விலை? மாண்டில் இருந்தது அந்த வருடத்துக் கடைசித் தொகுதியில். டாப்ஸ் அதை அச்சடித்து முடித்தபோது ஆட்ட சீசனே முடிந்துபோனது. கடைக்காரர்கள் எடுக்கவில்லை. கிடங்கில் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. அந்த அட்டையை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னது: 1960-இல் குப்பைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய், நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்களாம். கொட்டியதில் எத்தனை மாண்டில் போயிருக்கும்! அன்றைக்கு ஒருவர், ஒரே ஒருவர், "இது கிடக்கட்டும் சார், ஒரு மூலையில் வைப்போம்" என்று சொல்லியிருக்கலாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று அவர்கள் ஊரில் பாட்டிமார் சொல்லவில்லை போலும்.

சொன்ன ஊரும் அமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. ஒஹையோ மாநிலத்தில் டிஃபையன்ஸ் என்ற சிற்றூர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தலைவர் மணி பார்க்க வேண்டாம்.

அங்கே ஒருவர் இறைச்சிக்கடை வைத்திருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். 1910 வாக்கில் மிட்டாய் வியாபாரியோ யாரோ விளம்பரத்துக்காக ஒரு கட்டு பேஸ்பால் அட்டைகளைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். வருகிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பது ஏற்பாடாக இருக்கலாம். கொஞ்சம் கொடுத்திருப்பார், மீதியை நூல் போட்டுக் கட்டி, ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, பரணுக்கு அனுப்பிவிட்டார். 1940களில் அவர் காலமானார். அந்த வீட்டில் மகள் இருந்தார். அந்த அம்மாள் எதையும் தூக்கியெறியாதவர். நம் வீடுகளில் இப்படி ஒருவர் இருந்தால் என்ன சொல்வோம்? "கிழவி குப்பையைச் சேர்த்து வைத்திருக்கிறது" என்போம். உங்களில் சில பேர் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது, யார் வீட்டில் சொல்கிறார்கள் என்று.

அந்த அம்மாளும் 2011-இல் காலமானார். வீடு அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளுக்கு வந்தது, மொத்தம் 20 பேர். ஒவ்வொரு அறையாகக் காலிசெய்துகொண்டே வந்தார்கள். பரணில் தாத்தா கடையின் பழைய காலண்டர், பாட்டியின் கவுன்கள், மரத்தால் செய்த பொம்மை வீடு. 2012 பிப்ரவரி மாதக் கடைசியில் அந்தப் பொம்மை வீட்டுக்கு அடியில் பச்சை நிற அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. திறந்து பார்த்தால் சுமார் 700 அட்டை. டை காப், சை யங் என்று அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர்கள், நம்முடைய வாக்னரும் உண்டு. ஆனால் இது அந்தச் சிகரெட் வரிசை இல்லை, வேறு வரிசை. எடுத்தவருக்கு அவற்றின் மதிப்பு தெரியாது. ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். நினைத்துப் பாருங்கள், இந்த நேரத்தில் நம் தெருவாக இருந்தால் "பழைய பேப்ப்ப்பேர்..." என்று சைக்கிள் மணி கேட்டிருக்கும்! (சிரிப்பு.) கிலோவுக்கு எவ்வளவு தேறும், வெங்காயம் தருவாயா ஈய டம்ளர் தருவாயா என்று பேரம் நடந்திருக்கும்.

நல்ல வேளை. சில நாள் கழித்து எட்டே எட்டு அட்டையை டல்லாஸில் உள்ள ஏல நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பார்த்த நிபுணருக்கு மூச்சு நின்றுபோயிற்று. நூறு வருடம் யார் கையும் படாததால் நேற்று அச்சான மாதிரி இருந்தன. அந்த வரிசையில் டை காப் அட்டைக்கு அதுவரை கிடைத்திருந்த அதிகபட்ச மதிப்பெண் பத்துக்கு ஏழு. இந்தப் பெட்டியிலோ ஒன்பது வாங்கிய காப் மட்டும் 16. எல்லாம் சேர்த்து 30 லட்சம் டாலர்வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள். ஒரேயடியாக விற்றால் விலை விழும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக விற்க முடிவாயிற்று. முதல் தவணையாக 37 அட்டைகள் ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் போயின. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கண்டெடுத்தவர் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் 20 பேருக்கும் சமபங்கு பிரித்தார்கள். ஒரு அரை சென்ட் நிலத்துக்குக் கோர்ட்டுக்குப் போகிற நாம் இதை இரண்டு முறை கேட்க வேண்டும்.

அடுத்தது சுத்தம். நான்கு மூலையும் கூராக இருக்க வேண்டும், படம் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஓரம் பிசிறக் கூடாது, மடிப்பு கூடாது. இதையெல்லாம் பார்த்து ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் நிரந்தரமாக மூடிக் கொடுக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. மூடிய பிறகு அட்டையைத் தொடக்கூட முடியாது. பையன் கையில் இருக்க வேண்டியது பெட்டகத்துக்குப் போய்விட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் என் உடன்பாட்டை யார் கேட்டார்கள்?

1980களின் கடைசியில் எல்லாரும் விழித்துக்கொண்டு அட்டைகளைப் பத்திரப்படுத்தத் தொடங்கினார்கள். கம்பெனிகளும் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின. அந்தக் காலத்து அட்டைகளை இன்று பெட்டியோடு கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. அதற்கு முந்தின காலத்து அட்டைகளை அம்மாமார் தூக்கிப் போட்டதால்தான் மிஞ்சியவற்றுக்கு விலை.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பத்து நிமிடமாம். ஆகவே பொய் அட்டை பற்றி இரண்டே வரி. உலகத்திலேயே அழகான வாக்னர் அட்டை என்று ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி கூட்டாக 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கியது ஒன்று உண்டு. பிறகு 28 லட்சம் டாலர்வரை போனது. அதன் ஓரத்தை நான்தான் வெட்டிச் சீராக்கினேன் என்று அதை முன்னால் வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மீதியை அடுத்த விழாவில் சொல்கிறேன்.

பத்து நிமிடத்தையும் ஜெஃபர்சன் பர்டிக் என்பவருக்குக் கொடுக்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் என்ற ஊர். அங்கே மின்சாதனத் தொழிற்சாலையில் உதிரிபாகம் பூட்டுகிற தொழிலாளி. கல்யாணம் ஆகவில்லை. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போனவர். இவர் சேர்த்த அட்டைகள், லேபிள்கள், வாழ்த்து அட்டைகள் மூன்று லட்சத்துக்கு மேல். பேஸ்பால் மட்டும் 30,000. எல்லாவற்றுக்கும் வகை பிரித்து எண் கொடுத்தவர் இவர். வாக்னர் அட்டையை இன்றைக்கும் ஏலக்காரர்கள் "டி206" என்கிறார்களே, அது பர்டிக் போட்ட எண். அவருடைய பட்டியலில் வாக்னருக்கு 50 டாலர்.

பர்டிக் விற்கவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்துக்கு அப்படியே கொடுத்தார். நானே ஆல்பத்தில் ஒட்டித் தருகிறேன் என்றார். ரெம்ப்ராண்ட் ஓவியம் தொங்குகிற கட்டடத்தில் சிகரெட் அட்டைக்கு என்ன வேலை என்று கேட்காமல், அங்கே அச்சுப் படங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஹயாட் மேயர் என்பவர் அவருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். பசையும் கையுமாக வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டினார் பர்டிக். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச்சில் இறந்துபோனார். வாக்னரும் அந்த ஆல்பத்தில் இருக்கிறார்.

நம்மிடம் இப்படி ஆள் இல்லையா? கோட்டையூர் ரோஜா முத்தையா இருந்தார். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரத்தை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நம் பாக்கியம், அது சென்னையிலேயே நூலகமாக நிற்கிறது. ஆனால் ஒரு ரோஜா முத்தையா மாநிலம் முழுவதற்கும் போதுமா?

அம்மா, இப்போது உங்களிடம் வருகிறேன். நூலகத்தின் பின்கட்டில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே கால் உடைந்த நாற்காலிகள் தவிர வேறொன்றும் இல்லை என்று அலுவலர் சொல்கிறார். கட்டடம் நகராட்சியுடையது. அந்த அறையைத் துண்டுக் காகிதங்களுக்குக் கொடுங்கள். டூரிங் கொட்டகை நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், பஸ் டிக்கெட், தேர்தல் துண்டறிக்கை, ஜவுளிக்கடை பில், சிவகாசித் தீப்பெட்டி லேபிள் — செயலாளர் மன்னிக்கவும், லேபிள் வந்துவிட்டது. இவற்றுக்கு நூலகப் பட்டியலில் எண் கிடையாது, அதனால் இடமும் கிடையாது. சிறு துரும்பும் பல் குத்த உதவும், அதற்கு முதலில் துரும்பை வைக்க ஒரு பெட்டி வேண்டும். நம் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஐம்பது வருட நாடக நோட்டீஸ் வைத்திருந்தார். அவர் காரியம் முடிந்த பதினாறாம் நாள் அத்தனையும் எடைக்குப் போயிற்று. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருந்ததா?

பெரிய செலவு இல்லை. கரையான் மருந்து, இரண்டு இரும்பு அலமாரி, ஒரு டியூப் லைட். வகை பிரிக்க வாசகர் வட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் ஆள் வருவார்கள், பெயர் கொடுத்திருக்கிறார்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் பரண் சுத்தம் செய்கிறவர்கள் பொங்கல்வரை பொறுங்கள். அறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெட்டியை என் வீட்டில் இறக்கிவிடலாம், என் மனைவியிடம் மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். நன்றி, வணக்கம்.