45 சுற்று, 30 மில்லிமீட்டர்: ஒரு ஸ்பானிய இசைத் தொடரை எப்படிப் பார்ப்பது

[திரை: சுழலும் ஏழு அங்குல இசைத்தட்டு. முள் இறங்குகிறது. ஒரு நொடி கரகரப்பு, பிறகு கிடார்.]

‘45 ரெவலூசியோனெஸ்’. 2019இல் ஸ்பெயினின் ஆன்டெனா 3 சேனலில் ஓடிய தொடர். ஒரே சீசன், 13 எபிசோட். கதை நடப்பது அறுபதுகளின் மாட்ரிட்டில், சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில். பாடத் துடிக்கும் ஓர் இளைஞன், ரெக்கார்டு கம்பெனியில் ஒரு பெண், புதுக் குரல் தேடும் ஒரு தயாரிப்பாளர். காதல் விவகாரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வீடியோ அவர்கள் விற்கும் பொருளைப் பற்றியது. தட்டு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், அந்தக் கால ரெக்கார்டு கம்பெனிக்குள் எதற்கெல்லாம் சண்டை வந்திருக்கும் என்பதும் புரியும்.

[திரை: தட்டின் குறுக்குவெட்டு வரைபடம்]

45 என்பது நிமிடத்துக்கு 45 சுற்று. ஏழு அங்குலத் தட்டில் ஒலி பதியும் கோடு, வெளி ஓரத்தில் சுமார் 168 மில்லிமீட்டர் விட்டத்தில் தொடங்கி, லேபிளுக்குச் சற்று வெளியே 108 மில்லிமீட்டர் விட்டத்தில் முடிகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். 30 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்குக் கம்பெனியிடம் இருக்கும் மொத்த நிலம் அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. பாட்டு 3 நிமிடம் என்றால் 135 சுற்று. 30 மில்லிமீட்டரை 135ஆல் வகுத்தால், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.22 மில்லிமீட்டர். கோட்டின் அகலமே ஏறக்குறைய 0.06 என்று வைத்துக்கொண்டால், அது இடவலமாக ஆட மிச்சம் 0.16. அதே பக்கத்தில் இரண்டு பாட்டைத் திணித்தால் 270 சுற்று. சுற்றுக்கு 0.11. கோட்டுக்கான 0.06 போக மிச்சம் 0.05தான். பாட்டு இரண்டு மடங்கானதும் ஆடும் இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது, பார்த்தீர்களா? கோடு எவ்வளவு அகலமாக ஆடுகிறதோ, அவ்வளவு சத்தம். ஆக, பக்கத்துக்கு ஒரு பாட்டு போட்ட ‘சிங்கிள்’ தட்டு, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில் முழங்கும். பக்கத்துக்கு இரண்டு போட்ட தட்டு, அதாவது இ.பி., அதனோடு ஒப்பிட்டால் தணிந்துதான் கேட்கும்.

ஆனால் ஸ்பெயினில் அறுபதுகளின் பாதி தாண்டும்வரை கடையை ஆண்டது இந்த இ.பி.தான். நாலு பாட்டு, கெட்டி அட்டை உறை, முன்பக்கம் வண்ணப் படம். எல்.பி. என்ற பெரிய தட்டு வாங்கக் காசு போதாத பையனுக்கு நாலு பாட்டு ஆதாயம். நம் வீடுகளில் படப்பாட்டு நாலோடு வந்த சின்னத் தட்டுகளும் இதே ரகம்தான். கம்பெனிக்கோ இதில் ஒரு தலைவலி: ஹிட் ஆகப்போவது ஒன்று, கூட மூன்று பாட்டையும் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டு ஹிட்டுகளை ஸ்பானிய வரிகளில் பாடவைத்து அந்த இடத்தை நிரப்பும் வழக்கம் பரவியதில் வியப்பில்லை.

[திரை: கட்டிங் லேத், தட்டில் கோடு வெட்டும் இயந்திரம். ஊசியிலிருந்து சுருளும் கறுப்பு நூல்.]

ஸ்டுடியோவில் எடுத்த டேப் அடுத்து வரும் இடம் இது. அலுமினியத் தட்டின் மேல் லாக்கர் பூச்சு. சூடேற்றிய நீலக்கல் ஊசி அதில் கோடு கீறுகிறது. வெட்டிய லாக்கர் முடிபோல நூலாக எழும்பும். அதைக் குழாய் வைத்து உறிஞ்சியபடியே இருக்க வேண்டும். விட்டால் ஊசியில் சுற்றிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு வேறு.

இங்கே இரண்டு வில்லன்கள். முதலாவது பேஸ். தாழ்ந்த ஒலிதான் கோட்டை அகலமாக ஆட்டும், நிலத்தைத் தின்னும். அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து, உச்ச ஒலிகளைக் கூட்டிப் பதிவார்கள். வீட்டு ஆம்ப்ளிஃபையர் அதை அப்படியே தலைகீழாக்கிச் சமன் செய்யும்.

இரண்டாவது வில்லன் தட்டின் உள்வட்டம். வெளி ஓரத்தில் முள்ளுக்குக் கீழே நொடிக்கு 40 சென்டிமீட்டர் கோடு ஓடுகிறது. முடிகிற இடத்தில் 25தான். அதே ‘ஸ்’ ஓசை அங்கே நெருக்கி எழுதிய எழுத்துபோல ஆகிவிடும். முள்ளால் வளைவைப் பின்தொடர முடியாமல் சீறும். ஆகவே பளிச்சென்ற பாட்டு முதலில், மெல்லிய பாட்டு உள்ளே. இ.பி.யில் எந்தப் பாட்டு எங்கே என்பதில் பாடகரின் மனத்தாங்கலும் உண்டு, இந்தக் கணக்கும் உண்டு.

வெட்டிய லாக்கரின் மேல் வெள்ளிப் பூச்சு, அதன்மேல் நிக்கல். பிரித்தெடுத்தால் ஒரு தந்தைத் தகடு, அதிலிருந்து தாய்த் தகடு, தாயிலிருந்து அழுத்தும் அச்சான ஸ்டாம்பர். ஒரு ஸ்டாம்பரில் ஆயிரம் சொச்சம் தட்டு, பிறகு தேய்ந்துவிடும். நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகினாலும் பாட்டு சுற்றுக்கு ஒருமுறை அலைமோதும். நீண்ட பியானோ சுரத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். ஆறுவதற்குள் வெளியே எடுத்தால் தட்டு நெளியும். வெள்ளி பூசுமுன் ஒரு தூசி உட்கார்ந்தால், அந்த ‘டிக்’ ஒவ்வொரு பிரதியிலும் அதே இடத்தில் விழும்.

[திரை: அறுபதுகளின் மாட்ரிட் தெருக்கள்]

பெரிய கம்பெனிக்குள் இளைஞர்களுக்கென்று தனி லேபிள், அதாவது தனி வணிகப் பெயர், என்பது நிஜத்தில் நடந்ததுதான். சஃபீரோ கம்பெனியின் கிளை லேபிள் நோவோலா. 1964இல் உருவான லோஸ் பிரின்கோஸ் குழு அதில்தான் பாடியது. ஆங்கிலேயக் குழுக்களின் சாயல், ஆனால் தோளில் ஸ்பானியப் போர்வை அங்கி! விற்பனை புத்தி என்றால் அது. 1968இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு ஸ்பெயின் அனுப்பிய ‘லா, லா, லா’வும் நோவோலா தட்டுதான். ஸ்பெயினின் இன்னொரு மொழியான காட்டலானில்தான் பாடுவேன் என்று சொன்ன பாடகர் செர்ராத்தை விலக்கிவிட்டு, கடைசி நேரத்தில் பாடகி மஸியெலை, போட்டி நடந்த லண்டனுக்கு அனுப்பினார்கள். 29க்கு 28, ஒரே புள்ளியில் பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்டைத் தாண்டி வென்றார்.

அந்த ஊரின் ஒலிக்கு ஒரு முகவரி உண்டு: மாட்ரிட்டின் டோரெலாகுனா தெரு, ஹிஸ்பாவோக்ஸ் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் டிராபுக்கெல்லி, இசைக்கோர்ப்பாளர் வால்டோ தே லோஸ் ரியோஸ். பாப் பாட்டுக்குப் பின்னால் முழு ஆர்க்கெஸ்ட்ரா, ஏராளமான எதிரொலி. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி மெட்டில் மிகேல் ரியோஸ் பாடிய பாட்டு உலகம் சுற்றியது இந்தக் கூட்டணியால்தான். டேப்பில் தனித்தனியாகப் பதியும் தடங்கள் (டிராக்) குறைவான காலம் என்பதால் ஆர்க்கெஸ்ட்ராவை முதலில் எடுத்து, அதை இன்னொரு டேப்புக்கு மாற்றிக்கொண்டே குரலைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டேப்பின் இரைச்சல் கூடும். முதல் முறையே 3 டெசிபல். ‘இன்னொரு தடவை பாடிப் பார்க்கிறேன்’ என்பது விளையாட்டில்லை.

மேடைக்கு வருவோம். 1962 நவம்பர் முதல் ஞாயிறு காலைகளில் மாட்ரிட்டின் பிரைஸ் சர்க்கஸ் அரங்கில் ராக் கச்சேரிகள் நடந்தன. காலையில் மாணவர் கூட்டம், பிற்பகலில் வழக்கமான சர்க்கஸ். 1964இல் அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள்.

[திரை: தட்டின் மேற்பரப்பு, மிக அருகில்]

தணிக்கை இந்தத் தொழிலின் எல்லாப் படியிலும் குறுக்கிட்டது. பாட்டு வரிகள் தகவல், சுற்றுலா அமைச்சகத்தின் மேசைக்குப் போக வேண்டும். ஆம், இரண்டும் ஒரே அமைச்சகம். வெளிநாட்டுக்குப் புன்னகை, உள்நாட்டுக்குச் சிவப்புப் பென்சில். உறையும் தப்பவில்லை. 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ எல்.பி. ஸ்பெயினில் வந்தபோது, ஜீன்ஸ் ஜிப் படத்தின் இடத்தில் பாகு டப்பாவிலிருந்து நீளும் விரல்கள். உள்ளே ‘சிஸ்டர் மார்ஃபின்’ பாட்டை எடுத்துவிட்டு, மேடையில் பாடிய ‘லெட் இட் ராக்’.

இன்னொரு வகைத் தடை கண்ணுக்குத் தெரியாது. தட்டைக் கடையில் விற்கலாம், ஆனால் வானொலியில் ஒலிபரப்பக் கூடாது. கம்பெனிக்கு இது அரை மரணம். வானொலியில் ஒலிக்காத தட்டை யார் தேடி வந்து வாங்குவார்கள்?

நிலையத்தில் அறிவிப்பாளர் தெரியாமல்கூடப் போட்டுவிடக் கூடாதே. இப்போது படத்தைப் பாருங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே கோடு விரிந்து, பளபளப்பான ஒரு மெல்லிய வளையம் தெரிகிறதல்லவா? எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். அதை அடையாளம் வைத்து, தடை செய்த பாட்டின் மேல் மட்டும் கூரான கருவியால் குறுக்கே கீறிவிடுவார்கள். பக்கத்துப் பாட்டு பழுதில்லாமல் பாடும். இந்தப் பாட்டில் மட்டும் முள் தடுக்கித் துள்ளும்.