ரப்பர் பந்தைப் பிடித்தவருக்கும் ஒரு சிலை

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரத்தில், கில் டெவில் ஹில்ஸ் என்று ஓர் ஊர். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்த மணல்வெளி அதுதான். அங்கே குன்றின் உச்சியில் 60 அடிக்குக் கல் தூண் ஒன்றை 1932இலேயே எழுப்பிவிட்டார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய தூண். நான் சொல்ல வந்தது குன்றுக்கு அந்தப் பக்கம் தரையோடு தரையாக இருக்கிற சிற்பத்தைப் பற்றி.

முதல் பறத்தலின் நூற்றாண்டுக்காக 2003இல் வைத்தது. சிற்பி ஸ்டீபன் ஸ்மித். விமானத்தை அசல் அளவிலேயே எஃகில் செய்திருக்கிறார். இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 40 அடி. நடுவில் விமானத்தை ஓட்டும் தம்பி ஆர்வில் குப்புறப் படுத்திருக்கிறார், பக்கத்தில் அண்ணன் வில்பர். வேலி கிடையாது. பிள்ளைகள் இறக்கையில் ஏறி ஆர்விலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். நினைவுச் சின்னம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

1903 டிசம்பர் 17, காலை 10:35. மழைத் தண்ணீர் தேங்கிய குட்டைகள் உறைந்து கிடந்த குளிர். விமானம் பறந்தது 12 வினாடி, 120 அடி தூரம். இரண்டு கிரிக்கெட் பிட்ச்சை ஒட்டிப் போட்டால் அதைவிட நீளம். அவ்வளவுதான். ஆனால் பார்த்தவர்கள் ஐந்தே பேர். படம் மட்டும் இல்லாதிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

அந்தப் படத்தை எடுத்தவர் ஜான் டேனியல்ஸ். கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் மீட்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். கேமராவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்வில்தான் முக்காலியை நிறுத்தி, விமானம் ஓடிக் கிளம்பும் தண்டவாளத்தின் முனையைக் குறிவைத்துவிட்டு, அழுத்தினால் கேமரா படம் பிடிக்கும் ரப்பர் பந்தை இவர் கையில் கொடுத்தார். "வண்டி எழும்பினால் இதை அழுத்துங்கள்." எழும்பியது. அழுத்தினோமா இல்லையா என்பதே பரபரப்பில் டேனியல்ஸுக்குச் சரியாகத் தெரியவில்லை! சகோதரர்கள் டேட்டனில் தங்கள் வீட்டுக்குப் போய்க் படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: விமானம் தரையைவிட்டு எழுந்திருக்கிறது, வில்பர் ஓடிவந்து அப்படியே நின்றுவிட்டிருக்கிறார்.

அப்புறம், அன்றைக்கே நான்காவது முறை வில்பர் 59 வினாடி, 852 அடி பறந்தார். அது முடிந்து நிற்கும்போது அடித்த காற்றில் விமானம் புரண்டது. ஓடிப்போய்ப் பிடித்த டேனியல்ஸ் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டு உருண்டார். உடம்பெல்லாம் சிராய்ப்பு. நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

தூணில் அவருக்கு இடமில்லை. இந்தச் சிற்பத்தில் இருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், வெண்கலத்தில் நிற்கிறார். எனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

1948 ஜனவரி 30ஆம் தேதி ஆர்வில் காலமானார். அதற்கு மறுநாள் டேனியல்ஸும் போய்ச் சேர்ந்தார். நன்றி, வணக்கம்.