ஆன்டிபாடி செல்லுக்கு மேலுரம் போடுவது எப்படி?

(காட்சி: மன்னார்குடிப் பக்கம் ஒரு சம்பா வயல். வரப்பில் யூரியா மூட்டை.)

குரல்: யூரியாவை யாரும் ஒரே நாளில் கொட்டுவதில்லை. தூர் கட்டும்போது கொஞ்சம், தண்டு உருளும்போது கொஞ்சம் என்று பிரித்துத்தான் வீசுவார்கள். மொத்தமாகப் போட்டால் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மிச்சத்தைத் தின்று மதர்த்த பயிர் மழைக்குச் சாய்ந்துவிடும்.

நோய்க்கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்தான் ஆன்டிபாடி. அதை மருந்துக்காகத் தயாரிக்கும் ஆய்வகத்திலும் இதே கவலைதான்.

(காட்சி: குடுவையில் செல்கள்.)

ஆன்டிபாடி சுரக்கும் வெள்ளை ரத்த அணுவான பி செல்லைத் தனியாக வளர்த்தால் சீக்கிரம் செத்துவிடும். சாகாமல் பெருகும் புற்றுநோய் செல்லோடு அதை இணைத்துவிட்டால் இரண்டு குணமும் சேரும். 1975-ல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் எலி செல்லில் இதைச் செய்து காட்டினார்கள். அப்புறம் மனித செல்லிலும் வந்தது. ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி ஒன்று என்பது சுமார் 1,300 அமினோ அமிலங்களின் கோர்ப்பு. அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும் செல்லுக்குப் பசி எப்படி இருக்கும்!

முக்கியச் சாப்பாடு இரண்டு: குளுக்கோஸ் என்ற சர்க்கரை, குளுட்டமின் என்ற அமினோ அமிலம். குளுக்கோஸ் நிறையக் கிடைத்தால், ஆக்சிஜன் இருந்தாலும்கூட, செல் அதை அரைகுறையாக எரித்து லாக்டேட் என்ற புளிப்புக் கழிவாக வெளியே விட்டுவிடும். கண்ணாலேயே பார்க்கலாம்: புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் ஃபீனால் ரெட் சாயம் கலந்த ஊடகம் (செல் வளரும் திரவம்) முதலில் ரோஜாச் சிவப்பு. நாள் ஆக ஆக ஆரஞ்சு, பிறகு எலுமிச்சை மஞ்சள். அது புளிப்பு ஏறிய நிறம்.

குளுட்டமின் இன்னும் தொல்லை. செல் தின்றாலும் அம்மோனியா வரும். தின்னாமல் 37 டிகிரி சூட்டில் கிடந்தாலும் தானே சிதைந்து அம்மோனியா வரும். அம்மோனியா ஏறினால் வளர்ச்சி மந்தமாகும். ஆன்டிபாடியின் மேல் ஒட்டும் சர்க்கரைச் சங்கிலிகளும் மாறிப்போகும். மருந்துக்கு அது பெரிய விஷயம்.

(காட்சி: யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கு கலக்கும் கை.)

யூரியாவில் வேப்பம் புண்ணாக்கைக் கலந்து ஒரு ராத்திரி வைத்துப் போடுவது எதற்கு? மண்ணில் உள்ள நுண்ணுயிர்களின் வேகம் குறைந்து, தழைச்சத்து நின்று கிடைக்கும். ஆய்வகத்தில் வேம்பின் இடத்தில் அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலம். குளுட்டமினோடு அதைக் கோத்துவிட்டால் சூட்டில் எளிதில் சிதையாது. செல்லின் நொதிகள் தேவைக்கு வெட்டி எடுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, குளுக்கோஸ்? அதையும் பிரித்துத்தான் தருகிறார்கள். தினமும் மாதிரி எடுத்து, மிச்சம் எவ்வளவு என்று அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகவே ஊட்டுகிறார்கள். லாக்டேட் குறைகிறது. சிலவகை செல்கள் முன்பு வெளியே விட்ட லாக்டேட்டையே திரும்ப எடுத்துத் தின்னவும் தொடங்குகின்றன.

(காட்சி: நாள்கள் கடந்தும் ஆரஞ்சிலேயே நிற்கும் குடுவை.)