மணவறையில் யாரும் சிலிப்பர் போடுவதில்லை

நடுவர் அவர்களே, ஆலயப் பொறுப்பாளர்களே, எதிரணி நண்பர்களே, மலேசிய மண்ணின் சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம்.

விலை உயர்ந்த கேமரா லென்ஸ் எடுக்கும் படம், மலிவான லென்ஸ் எடுக்கும் படத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிறந்திருக்கிறதா என்பது தலைப்பு. இல்லை என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கோடு போட்ட அட்டையைப் படமெடுத்து அளந்தால் வேறுபாடு வரும் என்பதை நான் மறுக்கவில்லை. நம் பெரியம்மாமார் யாரும் கோடு போட்ட அட்டையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதில்லை.

சென்ற பொங்கலுக்கு இதே ஆலய வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேனான் ஆர்எஃப் 50 மில்லிமீட்டர் எஃப் 1.2 லென்ஸுடன் வந்திருந்தார். எஃப் எண் சிறிதாக ஆக லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். 2018இல் அது வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 2,299 டாலர். என்னிடம் இருந்தது அதே நிறுவனம் 2020இல் 199 டாலருக்கு வெளியிட்ட எஃப் 1.8 லென்ஸ். ஒரே கேமராவை ஒரே முக்காலியில் வைத்து, இரண்டு லென்ஸையும் மாற்றி மாட்டி, இரண்டிலும் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை எஃப் 8இல் வைத்து, பொங்கல் பானையைச் சுற்றி நின்ற கூட்டத்தை எடுத்தோம். 4ஆர் அளவில், அதாவது ஆறுக்கு நான்கு அங்குலத்தில், படம் போட்டு, எது எந்த லென்ஸ் என்று பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டு ஊர் மக்களிடம் நீட்டினோம்.

முதலில் வாங்கியவர் ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய ஒரு பெரியம்மா. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார், முந்தானையால் துடைத்தார், மறுபடியும் பார்த்தார். "இதுதான் நல்லா இருக்கு" என்று ஒன்றை எடுத்தார். ஸ்டூடியோ நண்பர் ஆவலோடு, "ஏன் பெரியம்மா, இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டார். "அதுல என் பேரன் கண்ண மூடிக்கிட்டான், இதுல தொறந்திருக்கான்" என்றார். அடுத்து ஒட்டுக்கடை அண்ணன். அவர் கையை நீட்டிப் பார்த்தார், தெரியவில்லை. மனைவியின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். தம் கடைப் பலகையை யாருடைய தலையும் மறைக்காத படத்தைத் தேர்ந்தெடுத்தார். வாத்தியார் ஒருவர் படத்தில் தாம் எங்கே இருக்கிறோம் என்று தேடினார். இரண்டிலும் இல்லை என்றதும் இரண்டும் சரியில்லை என்று தீர்ப்பளித்தார். பெரியம்மா எடுத்தது மலிவான லென்ஸின் படம், கடைக்காரர் எடுத்தது விலை உயர்ந்தது. இருவரும் லென்ஸைப் பார்க்கவே இல்லை. கடைசியில் படங்களை ஸ்டூடியோ நண்பரிடமே கொடுத்து, பின்பக்கம் திருப்பாமல் சொல்லுங்கள் என்றேன். அவர் நேர்மையான மனிதர், நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பூதக்கண்ணாடி இருக்குமா?" என்று கேட்டார். நடுவர் அவர்களே, கண்ணுக்குத் தெரிகிறதா என்பது நம் தலைப்பு; பூதக்கண்ணாடிக்குத் தெரிகிறதா என்பது அல்ல.

ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கேமரா பதிவு செய்தது அகலத்தில் 6000, உயரத்தில் 4000, ஆக 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். 4ஆர் தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல கணக்கிலேயே, 1800க்கு 1200 போதும். அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காசு கொடுத்து வாங்கிய நுணுக்கம் தாளுக்கு வருமுன்பே கழிந்துபோகிறது.

இனி, எதிரணியின் முதல் பேச்சாளர் அண்ணன் அவர்கள் பலத்த கைதட்டல் வாங்கிய அந்த வரிக்கு வருகிறேன். "பிளாஸ்டிக் லென்ஸை மாட்டிக்கொண்டு கல்யாணப் படம் எடுக்க வருவது, ரப்பர் சிலிப்பர் போட்டுக்கொண்டு மணவறை ஏறுவதைப் போன்றது" என்றார். அண்ணன் அவர்களே, மணவறையில் யாரும் எதையும் போட்டுக்கொண்டு ஏறுவதில்லை. முந்நூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், விலையுள்ள தோல் காலணியும் ஐந்து வெள்ளிச் சிலிப்பரும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கின்றன.

சிலிப்பரை இழுத்தீர்கள், நான் விடப்போவதில்லை. ரப்பரை இழிவாகப் பேச இந்த ஊர் மேடைதானா கிடைத்தது? நமக்கு அடுத்த ஊரான கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வழிவந்த தோப்புகளில், விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்தில் கட்டிய கிண்ணங்களிலிருந்து மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்களின் பிள்ளைகள்தாம் இந்த மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் என்று இகழ்ந்தீர்களே, அதையும் சொல்கிறேன். என் லென்ஸில் ஆறு வில்லைகள் உள்ளன. அவற்றில் ஒன்று பிளாஸ்டிக்கில் வார்த்த, கோள வடிவம் அல்லாத வில்லை. கோள வில்லைகள் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்காமல் சிதறவிடும் குறையைத் திருத்துவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். நீங்கள் இகழ்ந்த அந்தப் பிளாஸ்டிக்தான் உள்ளே படத்தைத் தெளிவாக்கிக்கொண்டிருக்கிறது!

வெளிச்சம் குறைந்த இரவுத் திருவிழாவில் என்ன செய்வாய் என்று எதிரணிச் சகோதரி கேட்டார்கள். எஃப் 1.2 லென்ஸ் என் எஃப் 1.8ஐவிட இரண்டேகால் மடங்கு ஒளியை உள்ளே விடும், உண்மைதான். நான் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600இலிருந்து 3600 அளவுக்கு ஏற்றிக்கொள்வேன். இன்றைய கேமராக்கள் அதைத் தாங்கும். ஆனால் அவ்வளவு திறந்து பக்கத்திலிருந்து எடுத்தால், காவடி எடுப்பவரின் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும். மாப்பிள்ளை, பெண் இருவர் முகமும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 4க்கோ 5.6க்கோ மூடித்தான் ஆக வேண்டும். திறப்பதற்காக 2,100 டாலர் அதிகம் கொடுத்துவிட்டு, மூடி வைத்துப் படமெடுக்கிறார்கள்.

கணக்கை இத்தோடு விடுகிறேன். 1948 ஜூன் மாதம் இந்தச் சுங்கை சிப்புட் தோட்டங்களில் விழுந்த கொலைகளுக்குப் பிறகுதான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. அதே ஆண்டில், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை கட்டாயமாயிற்று. எங்கள் அப்பாயி தம் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் அந்த அட்டைக்காக எடுத்ததுதான். அவர் போனபின் அந்தச் சிறு படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினோம். மூக்கின் ஓரம் கரைந்திருக்கிறது, ஒரு காதில் தோடு இருப்பதே தெரியவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் நல்ல நாளில் முதல் ஊதுபத்தி அந்தப் படத்துக்குத்தான். இப்படியொரு படம் இல்லாத வீடு இந்த மண்டபத்தில் எத்தனை இருக்கும்? அதை எந்த லென்ஸில் எடுத்தார்கள் என்று எந்தப் பேரனாவது கேட்டிருக்கிறானா?

தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்துவிட்டன. பால்மரம் வெட்டிய கைகள் இன்னும் சில வீட்டுத் திண்ணைகளில் இருக்கின்றன. நல்ல லென்ஸ் வாங்கிய பிறகு அவர்களைப் படம் எடுக்கலாம் என்று காசு சேர்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் இருக்கும் லென்ஸோடு நாளைக் காலையிலேயே அவர்களிடம் போங்கள். அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அதைத் தள்ளிப்போடச் சொல்லும் எதிரணிக்கு நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்கக் கூடாது என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.