ஆல்டஸ் அச்சா, லியோன் நகலா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

[திரையில்: உள்ளங்கையில் அடங்கும் தோல் அட்டைப் புத்தகம்]

1501 ஏப்ரல், வெனிஸ். அங்கே அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூசியஸ், பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளைச் சின்ன அளவில் வெளியிட்டார். விளக்கவுரை கிடையாது, வெறும் மூலம். அச்செழுத்துக் கலைஞர் பிரான்செஸ்கோ க்ரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் முழுவதும் அச்சான முதல் புத்தகம் இதுதான். அதே ஆண்டில் ஹொரேஸ், ஜுவெனல், மார்ஷியல் என்று மற்ற ரோமானியக் கவிஞர்களோடு வரிசை நீண்டது.

நன்றாக விற்கிற சரக்கைப் பார்த்துப் பிரான்சின் லியோன் நகரத்து அச்சகங்கள் சும்மா இருக்குமா? அதே அளவு, அதே சாயலில் எழுத்து. அச்சகப் பெயர், ஊர், தேதி மட்டும் இருக்காது.

[திரையில்: இரண்டு பக்கங்கள் அருகருகே]

1503 மார்ச் 16 அன்று ஆல்டஸ் ஓர் எச்சரிக்கை அச்சிட்டார். நகலின் தாள் மட்டம், ஒரு மாதிரி வாடை அடிக்கும், மெய்யெழுத்து உயிரெழுத்தோடு சேராமல் பிரிந்து நிற்கும் என்றார். பிழைகளையும் பட்டியல் போட்டார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்தே பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்! எனவே பிழை இல்லாததால் மட்டும் அசல் ஆகிவிடாது. 500 வருடத்தில் வாடையும் போயிருக்கும். பூதக்கண்ணாடியில் எழுத்துகள் ஒட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள்.

நங்கூரத்தில் டால்பின் சுற்றிய முத்திரையைத்தான் எல்லாரும் தேடுவார்கள். ஆல்டஸ் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதே 1502-இல். 1501 வெர்ஜிலில் அது இல்லையென்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்கு. ஜுவெனலில் நேர்மாறு: 1501 தேதியை அப்படியே வைத்து ஆல்டஸ் அச்சகத்திலேயே பின்னால் மறுபடி அச்சடித்தார்கள். முகப்பில் நங்கூரம் இருந்தால் அது அந்தப் பிந்தைய அச்சு.

[திரையில்: பக்க அடியில் சிறு எழுத்து]

அடுத்து, தாள்களை எண்ணுங்கள். முழுத்தாளை மூன்று முறை மடித்தால் 8 தாள், 16 பக்கம். நம் பைண்டர்கள் பாரம் என்பார்களே, அதுதான். ஒவ்வொரு பாரத்துக்கும் அகரவரிசையில் ஓர் எழுத்து. முதல் 4 தாள்களின் அடியில் இருக்கும். லத்தீன் வரிசையில் 23 எழுத்துதான்: ஜே, டபிள்யூ கிடையாது, யூ-வும் வி-யும் ஒன்று. 26 என்று எண்ணினால் மூன்று பாரம் காணோம் என்று பதறுவீர்கள். ஒரு சுற்று 23 பாரம், 184 தாள். பல நூல்களில் கடைசிப் பக்கத்திலேயே பாரங்களின் பட்டியல் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள்.

தொலைந்த தாளுக்குப் பதில் பிற்காலத் தாளைச் செருகியிருக்கலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அச்சு அழுத்திய தடம் பின்பக்கம் மேடாகத் தெரிய வேண்டும். கையால் வரைந்த தாளில் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால், எட்டாக மடித்த தாளில், அகல இடைவெளி விட்ட கம்பித் தடங்கள் (தாள் செய்த சல்லடையின் சுவடு) மேலிருந்து கீழாக ஓடும். நீர்முத்திரை முதுகோரம் மேல் மூலையில் துண்டாக இருக்கும். வரிசையாக வரும் பூச்சித் துளை நடுவில் ஒரு தாளில் மட்டும் காணாமல் போய் அடுத்ததில் தொடர்ந்தால், அந்தத் தாள் வேறெங்கிருந்தோ வந்தது.

தேதியிலும் ஒரு சிக்கல். வெனிஸ் ஆண்டு மார்ச் 1-இல் பிறக்கும். ஜனவரி, பிப்ரவரி என்றிருந்தால் ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டியிருக்கலாம்.

கடைசியாக உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து குறியுங்கள்; மறுபடி பைண்ட் செய்யும்போதெல்லாம் ஓரம் வெட்டுப்படும். லியோன் நகலையும் தாராளமாக வாங்கலாம், அதற்கென்றே சேகரிப்பவர்கள் உண்டு. ரசீதில் 'லியோன் நகல்' என்றே எழுதி வாங்குங்கள்.