கிளிக்கு மிளகாய் ஏன் உறைக்கலை? அக்கி ஆறியும் போகாத வலிக்கு அதுலதான் பதில் இருக்கு!

(திரையில்: கிளி ஒன்று பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்கிறது)

வணக்கம் நண்பர்களே! இந்தக் கிளியைப் பாருங்க. நாம ஒரு கடி கடிச்சா கண்ணுல தண்ணி கொட்டும். இது ஒரு பழத்தை முடிச்சுட்டு அடுத்ததைத் தேடுது. இந்தக் கிளிக்கும், ஜாக்கெட் போட முடியாம எங்க பெரியம்மா மாசக்கணக்கா தவிச்சதுக்கும் சம்பந்தம் இருக்கு.

பெரியம்மாவுக்கு அப்ப 68 வயசு. இடது விலாவுல, முதுகுல ஆரம்பிச்சு முன்பக்கம் வரைக்கும் பட்டையா கொப்புளம். பார்த்ததுமே ஊர்ல சொல்லிட்டாங்க, அக்கின்னு. குயவர் வீட்டுக்குப் போய் காவி எழுதிட்டு வந்தாங்க. மூணு வாரத்துல கொப்புளம் காஞ்சு உதிர்ந்துடுச்சு. வலி மட்டும் போகலை. ஃபேன் காத்து பட்டாலே நெருப்பு பட்ட மாதிரி எரியுதுன்னாங்க. பெரியப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு, அதுவும் இடது பக்கம் படாம போத்திக்கிட்டு திண்ணையில உட்கார்ந்திருப்பாங்க. பார்க்க வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான்: "புண்ணுதான் ஆறிடுச்சே, இன்னும் என்ன வலி?"

அந்தக் கேள்வி அவங்களை வலியை விட அதிகமா அழ வெச்சுது.

பின்னணியைச் சட்டுனு பார்த்துடலாம். சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போறதே இல்லை. முதுகெலும்பு ஓரமா இருக்கிற நரம்பு முடிச்சுகள்ல தூங்கிட்டு இருக்கும். வயசாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது முழிச்சு, அந்த ஒரு நரம்பு வழியா தோலுக்கு வரும், அதுதான் அக்கி. அதனாலதான் ஒரே பக்கம், ஒரே பட்டை. வர்ற வழியில நரம்பையே காயப்படுத்திட்டு வருது. கொப்புளம் ஆறி மூணு மாசம் கழிச்சும் வலி இருந்தா, அது புண்ணோட வலி இல்லைங்க, நரம்போட வலி.

இப்ப மிளகாய்க்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது!

காரம் ஒரு ருசியே இல்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எல்லாம் நாக்குல இருக்கிற சுவை மொட்டுகளோட வேலை. காரம் வலி நரம்போட வேலை. அதனாலதான் மிளகாய் நறுக்கின கையால கண்ணைத் தொட்டா கண்ணும் எரியுது. கண்ணுக்கு ருசி தெரியுமா என்ன?

கலிபோர்னியாவுல டேவிட் ஜூலியஸ்னு ஒரு விஞ்ஞானி. மிளகாயில இருக்கிற கேப்சைசின் நரம்புல எந்தக் கதவைத் தட்டுதுன்னு தேடினார். வலி நரம்புகள்ல வேலை செய்யிற லட்சக்கணக்கான மரபணுத் துண்டுகளை எடுத்து, மிளகாய்க்கு அசையாத சாதாரண செல்களுக்குள்ள போட்டுப் பார்த்துக்கிட்டே வந்தாங்க. ஒரே ஒரு மரபணு மாட்டுச்சு. அதைப் போட்ட செல்லுக்கு உறைக்க ஆரம்பிச்சுடுச்சு! 1997-ல வெளியான அந்தக் கண்டுபிடிப்புதான் டிஆர்பிவி1. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டா திறக்கிற கதவு அது. கேப்சைசின் வந்து ஒட்டிக்கிட்டா, சூடே இல்லாமலும் திறந்துக்கும். மூளைக்குப் போற சேதி ஒண்ணுதான்: "சுடுது!" அதான் காரம் சாப்பிட்டா வேர்க்குது. காரத்துக்கு மேல சூடா டீ குடிச்சா உயிர் போறதும் இதனாலதான். 2021-ல ஜூலியஸுக்கு நோபல் பரிசு, ஆர்டெம் பட்டபூட்டியன்ங்கிற இன்னொரு விஞ்ஞானியோட சேர்த்து.

கிளி? பறவைங்க கிட்டயும் இந்தக் கதவு இருக்கு, சூட்டுக்குத் திறக்கும். ஆனா கேப்சைசின் ஒட்டிக்கிற இடத்தோட அமைப்பு வேற. சாவி பூட்டுல சேரலை, அவ்வளவுதான்.

சரி, இந்தக் கதவை மருந்து போட்டு மூடிட்டா வலி போயிடுமே? மருந்து கம்பெனிகளும் அதைத்தான் முயற்சி பண்ணுச்சு. சோதனைக்கு வந்த சிலருக்கு உடல் சூடு ஏறுச்சு, சுடுதண்ணி சுடுறதே சரியா தெரியலை. உடம்போட வெப்பத்தைக் கவனிக்கிற வேலையும் அந்தக் கதவுக்கு இருந்திருக்கு.

அப்புறம் தலைகீழா யோசிச்சாங்க. மூடாம, அளவுக்கு மேல திறந்து விட்டா? தோல்ல ஒட்டுற 8 சதவீத கேப்சைசின் பட்டை, அக்கிக்குப் பின்னான வலிக்காக 2009-ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. மரத்துப்போற களிம்பு தடவி, மருத்துவமனையில ஒரு மணி நேரம் ஒட்டி எடுப்பாங்க. நரம்பு நுனிகள் தாங்க முடியாம பின்வாங்கிடும். திரும்ப வளர்ந்து வர்ற வரைக்கும், சிலருக்கு மூணு மாசம் வரைக்கும், வலி குறையும். தயவுசெஞ்சு யாரும் வீட்டுல மிளகாயை அரைச்சுத் தடவிடாதீங்க, தோல் வெந்துடும்!

ஆனா தோலோட கதை முடியலை. திருடன் வந்துட்டுப் போன வீட்டு நாய், அடுத்த ஆறு மாசம் பால்காரரைப் பார்த்தும் குரைக்கும் இல்லையா? தண்டுவடமும் அப்படித்தான். கிளிஃபோர்ட் வுல்ஃப்னு ஒரு விஞ்ஞானி 1983-ல எலிகள்ல இதைக் காட்டினார்: அடிபட்ட பிறகு தண்டுவட நரம்புகளே உணர்ச்சி கூடி, லேசான தொடுதலையும் வலியா மேல அனுப்புது. பெரியம்மாவைச் சுட்ட ஃபேன் காத்து இதுதான். நடிப்பும் இல்லை, மனப்பிரமையும் இல்லை.

அதனாலதான் டாக்டர் வலிப்புக்குக் குடுக்கிற கேபாபென்டினையோ, மனச்சோர்வுக்குக் குடுக்கிற அமிட்ரிப்டிலினையோ எழுதுவார். முதல் வகை நரம்பு அனுப்புற சேதியைக் குறைக்குது. ரெண்டாவது, மூளையில இருந்து கீழ இறங்குற தடுப்புக்குத் தெம்பு குடுக்குது. பெரியம்மா மருந்துக் கடையில "இது மனநோய் மாத்திரை"ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு, அஞ்சே நாள்ல நிறுத்திட்டாங்க. உங்க வீட்டுல யாரும் அப்படி நிறுத்த விடாதீங்க. கொஞ்சமா ஆரம்பிச்சு, டாக்டர் சொல்றபடி வாரக்கணக்குல ஏத்தணும், பலன் தெரிய நாளாகும். திரும்ப ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம், அவங்க ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஒரு கல்யாணத்துக்கு வந்தாங்க.

இன்னும் ஒண்ணு. காவி எழுதணும்னா எழுதிக்கங்க, நான் தடுக்கலை. ஆனா கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட போய் வைரஸை அடக்குற மாத்திரை ஆரம்பிச்சுடுங்க. கொப்புளம் கண்ணுக்குப் பக்கத்துல இருந்தா அன்னிக்கே ஓடுங்க. 50 வயசு தாண்டினவங்களுக்குத் தடுப்பூசியும் இருக்கு, ரெண்டு தவணை. 2015-ல வந்த பெரிய ஆய்வுல 97 சதவீதம் அக்கியைத் தடுத்துச்சு. விலை அதிகம்தான், இருந்தாலும் அப்பா அம்மாவுக்காக டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

உங்க ஊர்ல அக்கிக்கு என்ன பண்ணுவாங்க? கமென்ட்ல எழுதுங்க, ஒண்ணு விடாம படிக்கிறேன்.