தேக்காவில் பீடி விற்கலாம், மூக்குப்பொடி விற்கக்கூடாது: ஏன் இந்த முரண்?

[திரையில்: தேக்கா மளிகைக் கடை ஒன்றின் முகப்பு]

வணக்கம். உரிமம் பெற்ற கடைக்காரர் சிங்கப்பூரின் தேக்காவில் பீடிக் கட்டு விற்கலாம். ஆனால் அதே மனிதர் ஒரு சிறு டப்பா மூக்குப்பொடி விற்றால் அது குற்றம். புகைவதற்கு அனுமதி, புகையாததற்குத் தடை!

பலரும் அறிந்த பகுதியை விரைவாகக் கடந்துவிடுவோம். 1970இல் பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் தொடங்கிய புகைபிடித்தல் தடை, இன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளம், தாழ்வாரம், பூங்கா, பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி 5 மீட்டர் என விரிந்திருக்கிறது. மீறுவோருக்கு 200 வெள்ளி அபராதம். நீதிமன்றம் வரை சென்றால் 1,000 வெள்ளி வரை.

[திரையில்: கடையின் மூடிய அலமாரி]

எனக்குப் பிடித்த பகுதி கடைக்குள்தான் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 1 முதல் புகையிலைப் பொருள்களை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கக்கூடாது. கேட்பவருக்கு எழுத்து மட்டுமே கொண்ட விலைப்பட்டியலைக் காட்டலாம். 2020 ஜூலை 1 முதல் எல்லா நிறுவனங்களின் பொட்டலங்களும் ஒரே மங்கலான பழுப்பு நிறத்தில்தான் வரவேண்டும் என்பதோடு, அவற்றின் பரப்பில் 75 விழுக்காட்டை எச்சரிக்கைப் படங்கள் பிடித்துக்கொண்டன. பீடிக்கும் விலக்கில்லை, நம்மூர்ப் பீடிக்கும் பள்ளிப் பிள்ளையைப் போலச் சீருடை மாட்டிவிட்டார்கள்! சீருடை என்றதும் நினைவுக்கு வருகிறது: 21 வயது நிரம்பாதவருக்கு விற்பதே குற்றம் என்றாலும், பள்ளிச் சீருடையில் வந்தவருக்கு விற்ற கடை முதல் முறையிலேயே உரிமத்தை இழக்கும்.

இனி அந்த முரணுக்கு வருவோம். மூக்குப்பொடிக்கும், குட்கா, கைனி, ஜர்தா ஆகிய மெல்லும் புகையிலை வகைகளுக்கும் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை நடப்புக்கு வந்தது. சிகரெட்டும் பீடியும் ஏற்கெனவே சந்தையில் வேரூன்றிவிட்டதால் வரி, வயது வரம்பு, பொட்டலம் ஆகியவற்றின் வழியாக அவற்றைக் கட்டுப்படுத்தும் அரசாங்கம், மற்றவை வேர்பிடிப்பதற்கு முன்பே தடுக்க முடிவெடுத்தது. தாத்தாக்களுக்கு வருத்தம் இருக்கலாம். ஆயினும் பரவிய பழக்கத்தை அகற்றுவதைவிடப் பரவாமல் தடுப்பது எளிது என்பதால், இதில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

கவனியுங்கள்: 2018 பிப்ரவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட இந்தப் பொருள்களை வாங்குவதும் பயன்படுத்துவதும் மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். வெறும் வெற்றிலை பாக்கு இந்தத் தடைக்குள் வராது. அதில் ஜர்தாவைச் சேர்த்து மடித்தால் கதை மாறிவிடும்.

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பெரியவர்கள் வரவிருந்தால், பெட்டி கட்டும் முன்பே இந்த வீடியோவை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். “பொடி வேண்டாம், சிகரெட் கொண்டுவரலாமா?” என்று அவர்கள் கேட்டால், ஒரே ஒரு சிகரெட்டுக்குக்கூட இங்கே வரிவிலக்குச் சலுகை கிடையாது என்பதையும், சாங்கி விமான நிலையத்தில் சிவப்பு வழியில் சென்று சுங்கத்துறையிடம் அறிவித்து வரி கட்டவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.